நாலு பக்கக் கடிதத்தில் அரை வரி

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிறார். கணவர் அதே பள்ளியில் தமிழாசிரியர். இருவரும் படித்ததும் அந்தப் பள்ளியில்தான். பதினொன்றாம் வகுப்பில் பழக்கம், 2005இல் பிளஸ் டூ, 2013இல் திருமணம். சாதி வேறு. வேலை கிடைத்த புதிதில் ஆளுக்கொரு மாவட்டத்தில் இருந்து, பிறகு கலந்தாய்வில் பழைய பள்ளிக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். இவர்கள் கதை பிள்ளைகளுக்கு அத்துப்படி. ஆண்டு விழாவில் அதை நாடகமாகவே போட்டார்களாம்.

போன மாதம் ஆய்வகத்தில் ஒரு பிளஸ் டூ மாணவி டைட்ரேஷன் செய்துகொண்டிருந்தாள். எப்போதும் ஒரு சொட்டுக்கூடப் பிசகாதவள். அன்றைக்குக் குடுவையில் இளஞ்சிவப்பு வந்து, கத்தரிப்பூ நிறமாகி, அப்புறமும் பியூரெட் குழாயை மூடாமல் நின்றாளாம். டீச்சர் போய் மூடிவிட்டு என்னவென்று கேட்டதும் அழுகை. கூடப் படிக்கும் பையனைப் பிடித்திருக்கிறது, அவன் வேறு சமூகம், வீட்டில் தெரிந்தால் கொன்றுவிடுவார்கள். "நீங்களும் சாரும் இப்படித்தானே டீச்சர்? யார்கிட்டயும் சொல்லாதீங்க." சொல்லமாட்டேன் என்று டீச்சர் கையில் அடித்துக் கொடுத்துவிட்டார்.

அன்றிரவே கணவரிடம் சொன்னார். மறுநாள் கணவர் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "பயப்படாதே, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். ஆவணியில் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்ததும் பதிவுத் திருமணத்துக்குத் தாமே சாட்சிக் கையெழுத்துப் போடுவது அவர் யோசனை. இவர்கள் திருமணத்துக்கு இவர்களுடைய தமிழய்யா அப்படித்தான் கையெழுத்துப் போட்டாராம். டீச்சருக்கோ பெண்ணின் அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று தவிப்பு. வாக்கை மீறலாமா, கணவர் சொல்வது சரியா, இதனால் தங்கள் வேலைக்கு ஆபத்து வருமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். பெயர், ஊர், சாதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மாதங்களை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை நானும் உங்களைப் போலக் காதல் பக்கமே போய்விட்டேன். இரண்டாம் தடவைதான் மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்த அரை வரி கண்ணில் பட்டது. "வீட்டில் வேறு சிங்கப்பூரிலிருந்து வரும் தாய்மாமன் மகனுக்கு வைகாசியில் முடிப்பதாகப் பேச்சாம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் பக்கத்திலோ, அவளுக்கு ஆவணியில்தான் பதினெட்டு நிறைகிறது என்று இருக்கிறது.

வைகாசிக்கு அப்புறம் ஆனி, ஆடி, பிறகுதான் ஆவணி. அதாவது பதினெட்டு நிறையாத ஒரு பெண்ணுக்குக் கல்யாணத் தேதி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாலு பக்கத்தில் இன்றைக்கே கவனிக்க வேண்டிய விஷயம் அந்த அரை வரிதான். நீங்கள் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் சொல்கிறேன், ஆனால் அவை வரிசையில் இரண்டாவதாகத்தான் வரும்.

உங்கள் கண்ணில் அது படாமல் போனதற்கும் காரணம் தெரிகிறது. அவள் சொன்னதைக் கேட்டபோது உங்களுக்கு உங்கள் பதினேழு வயது ஞாபகம் வந்துவிட்டது. உங்கள் கணவருக்கு அவர் வயது. நாலு பக்கமும் உங்கள் இருவரைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. அந்தப் பெண்ணுக்கு என்ன மதிப்பெண் வரும், மேலே என்ன படிக்க ஆசை, அப்பா என்ன வேலை பார்க்கிறார், ஒன்றும் இல்லை.

முதலில் வைகாசி

நம் பக்கத்துக் கல்யாணக் கணக்கு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏறும் மாசி, பங்குனியில் பேச்சு தொடங்கும். வைகாசிக்கு மண்டபம் பிடிப்பார்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் குறுவை வேலைக்கு இறங்க வேண்டும், அப்புறம் ஆடி. மாப்பிள்ளைக்கும் சிங்கப்பூரில் லீவு அந்தச் சமயத்தில்தான் கிடைக்கும். ஆக, அந்தத் தேதி தள்ளிப்போகும் என்று நம்பிச் சும்மா இருக்க முடியாது.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006, பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்கிறது. மூன்று மாதம்தானே குறைகிறது என்ற சமாதானம் சட்டத்தில் கிடையாது. மணம் முடிக்கும் வயது வந்த ஆண், நடத்தி வைப்பவர், துணை போகும் பெற்றோர் உறவினர் எல்லோருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் விட முடியாத குற்றம். தாய்க்கும் மற்றப் பெண்களுக்கும் சிறை கிடையாது, அபராதம் உண்டு. இதோடு முடியவில்லை. பதினெட்டு நிறையாத மனைவியுடன் உறவு கொண்டாலும் அது வல்லுறவுதான் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

இதைப் பெற்றோரிடம் சட்டப் பாடமாக எடுத்தால் காதில் ஏறாது. "மாப்பிள்ளை பேரில் இப்படி ஒரு வழக்கு வந்தால் பாஸ்போர்ட் சிக்கலாகும், சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பிப் போவது கஷ்டம்" என்று சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் எத்தனையோ வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிப்போட வைத்தது இந்த ஒரு வாக்கியம்தான். அது பொய்யும் இல்லை. குற்றவழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கவும் முடக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

யார் போய்ப் பேசுவது? நீங்கள் இருவரும் சேர்ந்து போகாதீர்கள். சாதி மாறிக் கட்டிக்கொண்டவர்கள் வந்து எங்கள் பெண் கல்யாணத்தை நிறுத்துகிறார்கள் என்றுதான் அந்த வீட்டுக்குப் படும். தலைமையாசிரியர் மூலம் போகட்டும். பள்ளி மேலாண்மைக் குழு வரைக்கும் கொண்டுபோக வேண்டாம், அதில் இருப்பவர்களும் அதே தெருக்காரர்கள்தான். வீட்டில் மசியவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்தும் சமூக நலத் துறையிலிருந்தும் ஆள் போவார்கள், தகவல் கொடுத்தவர் பெயரை வெளியில் சொல்ல மாட்டார்கள். மாவட்ட சமூக நல அலுவலர்தான் இங்கே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலரும். தேவைப்பட்டால் நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்கலாம். அதை மீறிக் கட்டின தாலி சட்டப்படி செல்லாது.

இந்தப் பேச்சில் அந்தப் பையனின் பெயர் வரவே கூடாது. காதல் பற்றி ஒரு சொல்லும் கூடாது. இரண்டையும் ஒரே வாயில் பேசினால் வைகாசி பங்குனிக்கு வந்துவிடும், சத்தமில்லாமல் ஏதாவது ஒரு குலதெய்வக் கோயிலில் முடித்துவிடுவார்கள். வயதை மட்டும் பேசுங்கள். கூடவே படிப்பைப் பேசுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். அது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருக்கும் திட்டம். முன்பு அவர் பெயரில் கொடுத்துவந்தது கல்யாண உதவி, இப்போது மேற்படிப்புக்கு உதவி. மூவலூர் நம் மயிலாடுதுறைக்குப் பக்கம்தான் என்று சொன்னால் அந்த அப்பாவுக்குக் கொஞ்சம் நெருக்கமாகப் படலாம், படாமலும் போகலாம். சொல்லிப் பாருங்கள்.

கொடுத்த வாக்கு

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்ற வாக்கை ஓர் ஆசிரியர் கொடுக்கக் கூடாது. கொடுத்தாகிவிட்டது, சரி. ஆனால் அது அன்று ராத்திரியே உடைந்தும்விட்டது. கணவரிடம்தானே சொன்னேன் என்பீர்கள். உங்கள் கணவர் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எடுக்கும் வாத்தியாரும்கூட. உங்கள் வீட்டில் அடுப்படிக்கும் ஸ்டாஃப் ரூமுக்கும் நடுவில் சுவர் இல்லை. அங்கே பேசியது மறுநாள் காலையிலேயே மைதானத்தில் அந்தப் பையன் காதுக்குப் போய்விட்டது. டீச்சர் சொல்லிவிட்டார் என்று அவளுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். ஒரே பள்ளியில் வேலை பார்க்கும் தம்பதிகளுக்கு இது எப்போதும் உள்ள சங்கடம்தான். பிள்ளைகள் உங்களை நம்பிச் சொல்வதை ராத்திரிச் சாப்பாட்டில் வைக்கக் கூடாது. உதவி தேவைப்பட்டால் கேளுங்கள், பெயரை விட்டுவிட்டு.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். அப்புறம், வைகாசி விஷயத்தைத் தலைமையாசிரியரிடம் சொல்லப் போகிறேன், உன் மனதில் உள்ளதைச் சொல்லப் போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதைச் சொல்வீர்கள், எதைச் சொல்லமாட்டீர்கள் என்பது அவளுக்கு உங்கள் வாயால் தெரிய வேண்டும்.

அம்மாவிடம் காதலைச் சொல்ல வேண்டிய சட்டக் கடமை உங்களுக்கு இல்லை. ஆசிரியர்களில் பல பேருக்கு இதில் குழப்பம். போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கும் என்று அஞ்ச இடமிருந்தாலோ, தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. அதுவும் காவல் நிலையத்துக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ. பெற்றோரிடமோ தலைமையாசிரியரிடமோ சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று ஆகாது. தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறை. ஆனால் ஒருவரை ஒருவர் பிடித்திருப்பதும், பேசுவதும், கடிதம் எழுதுவதும் குற்றமே இல்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் விஷயம் இதுவரை அந்த அளவில்தான் இருக்கிறது.

அவளைக் குடைந்து குடைந்து கேட்காதீர்கள், துப்பறியும் வேலையும் வேண்டாம். அவளாக அதற்கு மேல் ஏதாவது சொன்னால், அதற்கப்புறம் தெரியாதது போல் இருக்க முடியாது என்பதையும் இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள்.

இதில் அதிக ஆபத்து அந்தப் பையனுக்குத்தான். மார்கழியிலேயே அவனுக்குப் பதினெட்டு ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு ஆகவில்லை. ஆவணி வரைக்கும் சட்டத்தின் கண்ணில் அவன் ஆள், அவள் குழந்தை. அவள் சம்மதித்தாள் என்பது எடுபடாது. நீங்களும் சாரும் பள்ளிக்கூடத்தில் இருந்த நாளில் சட்டம் வைத்திருந்த சம்மத வயது 16. போக்சோ 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பிறகு 18. உங்கள் அனுபவத்தை வைத்து அவனுக்குத் தைரியம் சொல்ல முடியாததற்கு இது ஒன்றே போதும். வளரிளம் பருவக் காதலைத் தண்டிப்பதற்காக வந்த சட்டம் இல்லை இது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கை ரத்து செய்தது உண்மைதான். அந்தத் தீர்ப்பைப் பலர் என்னிடம் போனில் காட்டுகிறார்கள். ரத்தாவதற்கு முன்னால் கைது, ரிமாண்ட், வருஷக்கணக்கில் வாய்தா எல்லாம் நடந்து முடிந்திருக்கும். போதாக்குறைக்கு சாதியும் வேறு. எந்தப் பக்கத்து வீட்டார் முதலில் புகார் கொடுப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததில்லை.

ஆகவே சார் அவனிடம் மறுபடி பேச வேண்டும். "நான் இருக்கேன்" என்று சொன்னதைத் திருத்திப் பேச வேண்டும். தனியாகச் சந்திப்பது, பூம்புகார் தரங்கம்பாடி என்று வண்டியில் போவது, போனில் படம் அனுப்புவது எதுவும் வேண்டாம், தேர்வை எழுது என்று சொல்லட்டும். அவனும் அரசுப் பள்ளி மாணவன். கல்லூரியில் சேர்ந்தால் அவனுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 உண்டு.

சாட்சிக் கையெழுத்து

சார் ஒன்றை மறந்துவிட்டார். ஆவணியில் பெண்ணுக்குப் பதினெட்டு ஆனாலும் பையனுக்குத் திருமண வயது வர இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆணுக்கு 21 நிறையாத திருமணமும் குழந்தைத் திருமணம்தான். பதிவாளர் வயதுச் சான்றைப் பார்த்த உடனே திருப்பி அனுப்பிவிடுவார். கோயிலிலோ மாலை மாற்றியோ நடத்தி வைத்தால், நடத்தி வைத்தவர்கள் பேரிலும் துணை நின்றவர்கள் பேரிலும் வழக்கு வரலாம். பெண்ணின் திருமண வயதையும் 21 ஆக்கும் மசோதா 2021இல் வந்தது, மக்களவையின் காலம் முடிந்ததோடு அது காலாவதியாகிவிட்டது. பெண்ணுக்கு இன்றைக்கும் 18தான்.

தமிழய்யா கையெழுத்துப் போட்ட கதைக்கு வருகிறேன். அவர் போட்டது 2013இல். அப்போது உங்களுக்கு இருபத்தைந்து வயது, இரண்டு பேர் கையிலும் பட்டம் இருந்தது. 2005இல் நீங்கள் இருவரும் அவரிடம் போய் நின்றபோது என்ன செய்தார் என்று நீங்களே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். கண்டபடி திட்டிவிட்டு, மறு வாரம் இரண்டு கல்லூரி விண்ணப்பம் வாங்கிவந்து, அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார வைத்துப் பூர்த்தி செய்ய வைத்திருக்கிறார். சாருக்குக் கையெழுத்து ஞாபகம் இருக்கிறது, விண்ணப்பம் ஞாபகமில்லை. அய்யா இன்னும் ஊரில்தான் இருக்கிறார் என்கிறீர்கள். சார் ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்து, பெயர் சொல்லாமல் யோசனை கேட்டுவிட்டு வரட்டும். என்னைவிட அவர் சொன்னால் கேட்பார் என்று தோன்றுகிறது.

மே மாதம் ரிசல்ட் வந்ததும் அரசு கலைக் கல்லூரி விண்ணப்பத்தை நீங்கள் பூர்த்தி செய்து கொடுங்கள். தஞ்சாவூர் குந்தவை நாச்சியார், கும்பகோணம் மகளிர் கல்லூரி, எது வசதியோ அது. ஓடிபி அப்பா போனுக்குத்தான் போகும். அதனால் ஒளித்துச் செய்யாமல் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்தே செய்யுங்கள்.

ஆவணிக்குப் பிறகும் மாமன் மகனைக் கட்டச் சொல்லி நிர்ப்பந்தித்தால், மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு. பெண்களுக்கான 181 எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவனுக்கும் 21 ஆகி, அப்போதும் இருவரும் இதே முடிவில் இருந்தால், வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாதி மாறி மணப்பவர்களுக்காக மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டிருக்கிறது. அன்றைக்கு சார் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். வேண்டுமானால் இன்னொரு சாட்சியாக நானும் வருகிறேன்.

உங்கள் வேலை

கணவன் மனைவி ஒரே பள்ளியில் இருக்கக் கூடாது, தலைமையாசிரியர் நினைத்தால் ஒருவரை மாற்றிவிடுவார் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி விதி கிடையாது. கலந்தாய்வில் கணவன் மனைவிக்கு முன்னுரிமையே இருக்கிறது, நீங்கள் வந்ததும் அதில்தானே.

வேலைக்கு ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும். வயது நிறையாதவர்களைச் சேர்த்து வைக்கப் பார்த்தார்கள் என்று ஒரு புகார் போனால் 17 பி, அதாவது கடுமையான துறை நடவடிக்கை. வழக்காகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தானாகவே தற்காலிகப் பணிநீக்கம். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கத் தகவல் கொடுத்ததற்காக உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. இருந்தாலும் தலைமையாசிரியரிடம் சொல்லும்போது வாயால் மட்டும் சொல்லாமல் தேதி போட்டு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதில் வயதும் வைகாசியும் மட்டும் இருக்கட்டும்.

அவர் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன் இன்னொரு வேலை. பெற்றோர் கட்டாயம் சொல்லப்போகும் ஒரு பதில் இருக்கிறது: "ஒண்ணாப்புல சேர்க்கும்போது வயசை மாத்திப் போட்டுட்டோம் சார், அவளுக்குப் போன வருஷமே பதினெட்டு முடிஞ்சுபோச்சு." இப்படிச் சொல்லாத அப்பாவை நான் இதுவரை பார்த்ததில்லை. நம் பக்கம் பள்ளியில் சீக்கிரம் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டித்தான் போடுவார்கள், எனவே நிஜ வயது இன்னும் குறைவாகத்தான் இருக்கும். அது எப்படியோ, சிறார் நீதிச் சட்டம் வயதுக்கு முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும்தான். பிறப்புச் சான்றிதழ்கூட அதற்கு அடுத்தபடிதான். அலுவலகத்தில் நாமினல் ரோலை (தேர்வெழுதும் மாணவர் பட்டியலை) எடுத்து அவள் பிறந்த தேதியைச் சரிபாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழின் நகல் ஒன்று எடுத்துத் தலைமையாசிரியர் கையில் கொடுத்து அனுப்புங்கள். திங்கட்கிழமைக்குள் முடியுமா பாருங்கள், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் பேசுவது இன்னும் கஷ்டம்.